ஒரு நம்பரில் தப்பியது

அண்ணா முதலமைச்சராயிருந்த 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு லட்சம் கிடைக்கக்கூடும் என்ற ஆசையோடு, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகமும் ஜனங்களிடையே பரவிற்று. அழகான வாசகம்தான், ஆனால் விழாமற்போன ரூபாய்கள் எந்த வீட்டு உலைக்கு அரிசி வாங்க வைத்திருந்தவை என்பதை அது சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில், மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர், வியர்வையில் நமுத்த சீட்டைப் பத்திரிகையின் குலுக்கல் முடிவுக்குப் பக்கத்தில் விரித்து, ஒவ்வோர் இலக்கமாக நகத்தை நகர்த்திக்கொண்டே போய், "ஒரு நம்பர்ல போச்சு, தம்பி" என்று பெருமூச்சு விடுவார். அந்த ஒரு நம்பரே மறுநாளும் அவரைச் சீட்டுக் கடைக்கு இழுத்துவரும். உண்மையில், குலுக்கலில் அருகில் வருவது என்பதே கிடையாது. ஆறு இலக்கச் சீட்டு வரிசை ஒன்றில், பரிசு எண்ணிலிருந்து ஓர் இலக்கம் மட்டும் பிசகிய சீட்டுகள் 54 உண்டு. அவற்றை வாங்கிய அத்தனை பேரும் லட்சுமி தங்கள் வாசல்வரை வந்து திரும்பியதாகவே நம்புவார்கள்.

அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கூறியது. 2003இல் ஜெயலலிதா அரசு தமிழகத்தில் எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது. அது நியாயமான காரியம் என்பதே என் அபிப்பிராயம். எனினும், கேரளக் குலுக்கலின் கடைசி இலக்கங்களை வைத்து மறைவில் நடக்கும் மூன்று நம்பர் லாட்டரியில் இன்றும் கூலிக்காரர்களின் பணம் கரைகிறது. 1967இல் அரசு லாட்டரியைத் தொடங்கிய கேரளத்திலோ, காருண்யா சீட்டின் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவுகிறது. அங்கே சீட்டுக் கட்டோடு வெயிலில் நடந்து விற்பவர்களுள் முதியோரும் ஊனமுற்றோரும் அநேகர். அவர்களுடைய ஜீவனத்தை நினைக்கும்போது மனம் சங்கடப்படவே செய்கிறது. ஆயினும், நோயாளியைக் காப்பாற்றும் பொறுப்பு ஒரு சமூகம் முழுவதற்கும் உரியதாயிருக்க, அதற்கான பணத்தைப் பெரும்பாலும் கூலிக்காரனின் ஆசையிலிருந்து திரட்டுவதை என்னால் தர்மமென்று ஏற்க முடியவில்லை.

லட்சம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெரியவரை ஒருமுறை கேட்டேன்.

"வட்டிக்காரனுக்கு எட்டாயிரம் குடுக்கணும், தம்பி" என்றார். மீதிப் பணத்தைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை.