கண்புரை ஆபரேஷன் இலவசம்தான்... ஆனாலும் தாத்தா, பாட்டி ஏன் வருவதில்லை? காரைக்கால் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வயசாச்சு, பார்வை மங்கத்தான் செய்யும்" என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த மங்கலுக்குக் காரணம் கண்புரை என்றால், அதை சரிசெய்ய முடியும்.

கண்புரை என்றால் என்ன?

கண்ணுக்குள் உள்ள இயற்கை லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. முக்கிய காரணம் வயது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், பல வருட வெயிலும் இதை அதிகப்படுத்தும். சொட்டு மருந்தால் இது கரையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பதே தீர்வு.

புரை முத்தும் வரை காத்திருக்கணுமா?

தேவையில்லை. அது பழைய முறை காலத்து பேச்சு. அன்றாட வேலைக்கு பார்வை இடைஞ்சலாக இருந்தாலே ஆபரேஷன் செய்யலாம். ரொம்ப முத்தினால் ஆபரேஷன் கடினமாகும். கண் அழுத்தம் ஏறி, நிரந்தரமாக பார்வை போகவும் வாய்ப்பு உண்டு.

குறைந்த செலவில் எப்படி முடிகிறது?

1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுப்பவர்களிடம் கிடைக்கும் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தரும் முறை அது. 1992-ல் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸைவிட பல மடங்கு குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்தது.

இலவசம் என்றும் ஏன் வருவதில்லை?

தமிழக கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், கண் பிரச்னை உள்ளவர்களில் சுமார் 7% பேரே முகாமுக்கு வந்தது தெரிந்தது. பயம், செலவு, குடும்பப் பொறுப்பு எனப் பல தடைகள். ஆபரேஷன் இலவசமானாலும், பஸ் கட்டணமும் துணைக்கு வரும் மகனின் ஒருநாள் கூலியும் இலவசம் இல்லையே! இதனால்தான் முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துப்போய், தங்கவைத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் முறை முக்கியமாகிறது.

காரைக்காலுக்கு என்ன சிக்கல்?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதியாக இருந்தாலும், புதுச்சேரி நகரம் சுமார் 130 கி.மீ. தூரம். சுற்றிலும் இருப்பது தமிழக மாவட்டங்கள். பக்கத்து ஊர் நாகப்பட்டினமாக இருந்தாலும், புதுச்சேரி ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் பொருந்தாது. ஆனால் 70 வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

முகாமுக்குப் போகும் முன் என்ன கேட்கணும்?

* போக்குவரத்து, தங்கும் வசதி, சாப்பாடு உண்டா?
* லென்ஸுக்கும் மருந்துக்கும் தனியாகப் பணம் கட்டணுமா?
* மறுபரிசோதனை எங்கே, எப்போது?

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுகளை கையோடு எடுத்துப்போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது. டாக்டர் சொல்லும் வரை கண்ணில் தண்ணீர் படக் கூடாது. வலி, சிவப்பு, பார்வை குறைவு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். மறுபரிசோதனை தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.