மெஷின் சாகேல்லை, வாய்தான் திறக்கேல்லை

விர்ச்சுவல் மெஷினை நெட்வொர்க் வழியா பூட் பண்றீங்கள். பிஎக்ஸ்இலினக்ஸ் கர்னலை இறக்கும்வரை எழுத்து ஓடுது. பிறகு சீரியல் கன்சோல் கப்சிப். உடனே அழிச்சுப்போடாதேங்கோ! பெரும்பாலும் கர்னல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். யாரும் பார்க்காத திரைக்கு எழுதுது, அவ்வளவுதான்.

பூட்லோடருக்குச் சொன்னது கர்னலுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் தனித்தனியாச் சொல்ல வேணும். பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பின் முதல் வரி: ‘சீரியல் 0 115200’. அப்பென்ட் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200’. இரண்டு கன்சோல் குடுத்தால் கடைசியா எழுதினதுதான் பிரதானம். சீரியலைக் கடைசியில வையுங்கோ.

பலெர்மோவில இருக்கிற சிசிலி ஹப் போன்ற டேட்டா சென்டர்களில் ரேக் சர்வர்களுக்குப் பெரும்பாலும் திரை இருக்காது. அப்படியான இடத்தில வேலை செய்ய ஆசைப்படுறவை இதை இப்பவே வீட்டு லாப்டாப்பில பழகுங்கோ.