தறிக்குழியில் ஒரு பங்குர் பான்

போன தை மாதம் ஆரணியில் என் அக்கா வீட்டுத் தறிக்குழிக்குள் இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. ஒன்று நல்ல வெள்ளை. இன்னொன்று அட்டக்கரி. தாய்ப்பூனை எங்கிருந்தோ கவ்விவந்து, மிதிகளுக்குப் பின்னால் கழிவு நூல் குவித்திருந்த மூலையில் விட்டுவிட்டுப் போயிருந்தது. குழியில் கால் வைக்கப் போன மாமா குனிந்து பார்த்தார். அன்று பொழுதுக்கும் அவர் தறியில் உட்காரவில்லை. முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. பட்டுக்கு அவசரம் உண்டு, ஆனால் கண் திறக்காத குட்டியை மிதித்துவிட்டு நெய்கிற சேலையை எந்தப் பெண் கட்டுவாள் என்று கேட்டார். அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

மறுநாள் குட்டிகள் மூங்கில் கூடைக்கு மாறின. பெயர் வைக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா மகன் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். வாரக் கடைசியில் வீடியோவில் வந்தவன் தங்கையிடம், “ரெண்டுக்கும் ஐரிஷ் பேரு வை. நான் வந்தா நம்ம வீட்டுல எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு இருக்கணும்” என்றான். பிளஸ் ஒன் படிக்கிற அவள் அன்றிரவே ஒரு பக்கம் நிறையப் பெயர்களை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள். “சித்தி, இதுல எது நல்லாருக்கு?”

அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எழுத்துக் கூட்டினால் ‘நியாம்ஹ்’ என்று வரும் பெயரை அங்கே ‘நீவ்’ என்கிறார்கள். ‘சியோபான்’ போலத் தெரிவது வாயில் ‘ஷிவான்’ ஆகிறது. ‘அவோய்ஃபி’ என்று நாம் தடுமாறுவது அவர்களுக்கு வெறும் ‘ஈஃபா’. அவள் படித்துக் காட்டியதைக் கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது.

சிரிக்க ஒன்றும் இல்லை. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் நாம் எழுதுவது ஒரே ககரம்தான். வாயில் வருவது மூன்று ஒலி. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து நம் நாக்கு தானாக மாற்றிக்கொள்கிறது. ஐரிஷ் மொழியும் ஏறக்குறைய அப்படித்தான். சகரத்துக்குப் பக்கத்தில் இகரமோ எகரமோ நின்றால் அது ‘ஷ’ ஆகும். பகரத்துக்கும் மகரத்துக்கும் பின்னால் ஹகரம் வந்து நின்றால் அவை ‘வ’ ஒலிக்கு நெகிழும். பழைய ஐரிஷ் நெடுங்கணக்கில் மொத்தமே 18 எழுத்துதான். நமக்கு மெய்யெழுத்து மட்டும் 18. குறைந்த எழுத்தை வைத்து நிறைய ஒலியை எழுதும் வித்தை இரண்டு மொழிக்கும் தெரியும். அதனால் ஐரிஷ் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வதுதான் நமக்கு நல்லது. ஆங்கில எழுத்தை வழியில் நிறுத்தினால் பெயர் கெட்டுப்போகிறது.

கெட்டுப்போனதற்கு வரலாறும் இருக்கிறது. அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேயர் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் தங்கள் வாய்க்கு ஏற்ப வெட்டி எழுதினார்கள். ‘ஓ கெல்லி’ போல ஒலித்த குடிப்பெயர் ‘கெல்லி’ என்று சுருங்கியது. இங்கேயும் அதே கை வேலை செய்தது. திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆனது. நம் ஆரணி பழைய ஆங்கிலப் பதிவுகளில் ‘ஆர்னீ’. அந்த ஆர்னீயில்தான் 1782 ஜூன் 2-ஆம் தேதி ஹைதர் அலியின் படையோடு ஆங்கிலேயப் படை மோதியது. தளபதி சர் அயர் கூட், அயர்லாந்தின் லிமரிக் பகுதியில் பிறந்தவர். எட்டு ஆண்டு கழித்து, 1790-இல், சென்னைப் படையின் கர்னல் ராபர்ட் கெல்லி ஆரணியில் இறந்தார். ஐரிஷ் பெயர் ஆரணி மண்ணுக்குப் புதிதல்ல. முதலில் துப்பாக்கியோடு வந்தது. இப்போது ஒரு பூனைக்குட்டிக்காக வருகிறது. இந்த வருகைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெயர்கள் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கின்றன. நம் மொழிக் குடும்பத்துக்குத் ‘திராவிட’ என்ற பெயரை 1856-இல் ஒப்பிலக்கண நூல் எழுதி நிலைநிறுத்திய ராபர்ட் கால்டுவெல், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் 1814-இல் பிறந்தவர். அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிளுக்கு விவேகானந்தர் ‘நிவேதிதா’ என்று பெயர் வைத்தார். பாரதி நிவேதிதாவைக் குருவாகவே கொண்டார்.

இனி வெள்ளைக் குட்டிக்கு வருவோம். அதற்கு உலகத்தில் ஒரே பெயர்தான் பொருந்தும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ஒன்பதாம் நூற்றாண்டு. அயர்லாந்தைவிட்டு ஐரோப்பாவின் நடுப்பகுதிக்குப் போன துறவி ஒருவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஜெர்மனியின் ரைக்கனாவ் மடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அவருடைய குறிப்பேடு, இன்று ஆஸ்திரியாவின் லாவன்ட் பள்ளத்தாக்கில் புனித பவுல் மடத்தில் இருக்கிறது. இலக்கணக் குறிப்பு, துதிப்பாட்டு எல்லாம் கலந்து கிடக்கும் அந்த ஏட்டில், நாலு நாலு அடியாக எட்டுப் பாட்டு, தாய்மொழியான ஐரிஷில், தன் வெள்ளைப் பூனையைப் பற்றி எழுதிவைத்தார். எழுதியவர் பெயர் போய்விட்டது. பூனையின் பெயர் நிற்கிறது: பங்குர் பான்.

‘பான்’ என்றால் வெள்ளை. ‘பங்குர்’ என்பது வேல்ஸ் நாட்டு மொழியிலிருந்து வந்த சொல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டுக் காலால் மிதித்து, அழுக்கும் எண்ணெய்ப் பசையும் போக்கி, இழை இறுகும்படி வெளுத்துத் தருகிற தொழிலாளியைக் குறிக்கும் சொல் அது. ‘வெள்ளை வெளுப்புக்காரன்’ என்று சொல்லலாம். பஞ்சுக் காலால் மடியை மிதித்து மிதித்துப் படுக்கிற பூனையைப் பார்த்து அந்தப் பெயர் தோன்றியதா, வெள்ளை நிறத்தால் தோன்றியதா, யார் சொல்ல முடியும்? நெசவோடு ஒட்டிய தொழிலின் பெயர் என்பது போதும் எனக்கு.

ஆரணியில் இந்தப் பொருளைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டுக்கும் இதே வேலை உண்டு. கூட்டிலிருந்து எடுத்த பச்சைப் பட்டு விறைப்பாக, மங்கலாக இருக்கும். மேலே பசை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைத்தால் பசை கரைந்து போகும். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதோடு போய்விடும். அலசிக் கழியில் போட்டு உதறும்போது நூல் வெள்ளையாக, மினுமினுப்பாக விழும். அதற்குப் பிறகுதான் சாயம், பாவு, தறி எல்லாம். “அப்போ இவன் நம்ம தொழில்காரன்” என்றார் மாமா. வெள்ளைக் குட்டி அப்போது தார்க்கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு ஊடை சுற்றிய தார் ஒன்றைப் பல்லில் கவ்வி, பின்னங்காலால் உதைத்து, கூடைக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. இரண்டு விரற்கடை நூல் பிசிராகத் தொங்கியது. மாமா அதை மெல்லப் பிடுங்கி, எச்சில் தொட்டு, பிசிரைத் திரித்து மறுபடி சுற்றினார். அதட்டவில்லை.

அந்தத் துறவியின் பாட்டில் இருப்பதும் இதுதான். ஒரு அறைக்குள் இரண்டு பேர். பூனை எலிமேல் கண் வைத்திருக்கிறது. துறவி ஏட்டில் ஒரு கடினமான பொருள்மேல் கண் வைத்திருக்கிறார். யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அவரவர் வேலையில் அவரவர்க்கு மகிழ்ச்சி. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் ஆங்கிலத்தில் இதைப் பலர் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஷேமஸ் ஹீனியும் செய்தார். 2009-இல் வந்த ‘த சீக்ரட் ஆஃப் கெல்ஸ்’ கார்ட்டூன் படத்தில் பங்குர் பான் ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. ஆனால் ஆரணியில் தறிமேல் குனிந்த மாமாவையும், குழியோரம் காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்த குட்டியையும் ஒருசேரப் பார்த்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பழைய அயர்லாந்தில் பூனை சட்டத்தில் ஏறிய பிராணி. ஏழு, எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்டநூலில் பூனைக்கென்றே ஒரு பகுதி உண்டு. துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது. குறுகுறுவென உறுமவும் தெரிந்து, எலியிடமிருந்து வீட்டையும் களஞ்சியத்தையும் காக்கவும் தெரிந்த பூனைக்கு விலை மூன்று பசு. உறுமல் மட்டும் தெரிந்தால் ஒன்றரைப் பசு. கத்துகிற பூனை, சின்னப் பாதம் கொண்ட பூனை, தீக்கொழுந்து நிறத்துப் பூனை, பெண்களின் தலையணையோரம் படுக்கிற பூனை என்று வகைக்கு ஒரு பெயரும் அதில் இருக்கிறது. பட்டுத் தறியும் அரிசி ஆலையும் நிறைந்த ஆரணிக்கு இந்தச் சட்டம் நன்றாகவே புரியும். நெல் இருக்கும் இடத்தில் எலி. எலி இருக்கும் இடத்தில் பாவுக்கு ஆபத்து. ஒரு எலி ஓர் இரவில் கடித்த இழைகளை முடிச்சுப் போட்டு எடுக்க ஒரு நெசவாளிக்கு எத்தனை நாள் போகும் என்று அவர்களைக் கேளுங்கள்.

வெள்ளைக் குட்டிக்கு வேறு பெயரும் பார்த்தோம். ஐரிஷில் பட்டுக்கு ‘ஷீத’ என்று பெயர். பழைய காலத்தில் ஆட்களுக்கும் அதை வைத்திருக்கிறார்கள். பட்டு ஊரில் பட்டென்றே பெயர் வைக்கலாமே என்று அக்கா மகள் குதித்தாள். அக்காவின் மாமியார் ஒரே வார்த்தையில் தடுத்துவிட்டார். “சீதான்னு கேக்குது. தெருவுல எத்தினி சீதா இருக்காங்க. பூனைய எப்பிடிமா அப்பிடி அதட்டுவ?” ஐரிஷ் பெயர் தேர்வதில் இதைவிட நல்ல யோசனையை நான் கேட்டதில்லை. பெயர் அங்கே என்ன பொருள் என்பது பாதி. இங்கே என்னவாகக் கேட்கிறது என்பது மீதி.

கரிக்குட்டியின் விஷயத்தில் இரண்டும் தாமாகவே கூடி வந்தன. அயர்லாந்தில் கறுத்த சிறுவனுக்கு வைக்கும் மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு. கறுப்பு என்ற சொல்லில் பிறந்து ‘சின்னக் கறுப்பன்’ என்று பொருள்படுவது. ஆறாம் நூற்றாண்டில் க்ளான்மக்நாய்ஸ் மடத்தை நிறுவிய துறவியின் பெயரும் அதுதான். அதை அங்கே ‘கீரான்’ என்று சொல்கிறார்கள். நக்கீரர் பெயருக்குள் இருக்கும் கீரனோடு இதற்கு உறவு கிடையாது, ஒலி மட்டும் ஒன்று. அக்காவின் மாமியார் முதல் தடவையே ‘கீரா’ என்று கூப்பிட்டார். டப்ளினில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பேரன், “ஆயா, இங்க பொறந்தவ மாதிரி சொல்ற” என்றான். அந்த அம்மாவின் முகத்தில் வந்த வெட்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பூனைக்குப் பெயர் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே நீளமும் அதே அழுத்தமும் உள்ள வேறு சொற்களுக்கு நடுவிலும் வீட்டுப் பூனை தன் பெயரை அடையாளம் காண்கிறது. கூப்பிடுவது அந்நியர் குரலாக இருந்தாலும்கூட. பெயர் நிற்கவேண்டும் என்றால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி கூப்பிட வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டில் ‘பங்குர்’ என்று சுவரில் தமிழில் எழுதி ஒட்டினோம், முகூர்த்தப் பட்டியல் தொங்கும் ஆணிக்குக் கீழே.

வெளிநாட்டுப் பெயர் வேண்டாம், வெள்ளச்சி கருப்பன் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. போதும். அவை அழகான பெயர்கள். கடலுக்கு அப்பால் ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில், அவன் இருக்கும் ஊரின் ஒரு சொல் தினமும் வாயில் புழங்குவதும் நல்லதுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஐரிஷ் பெயர் வைப்பதானால் எழுத்தைப் பார்த்து வைக்காதீர்கள். அந்த மண்ணில் பிறந்த ஒருவர் வாயால் சொல்லக் கேளுங்கள். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டு மூத்தவரையும் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் அது உட்கார்ந்தால் குட்டியின் காதில் ஊதிவிடுங்கள்.