விழுதலே மிதத்தல்

விண்வெளி வீரர்கள் மிதப்பதைக் காணும்போது, அங்கே புவியின் ஈர்ப்பு விசை இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும், தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கிறது. அவ்வாறாயின் அவர்கள் மிதப்பது எவ்வாறு? தம் உடலையே கருவியாகக் கொண்டு இதனைக் கற்ற ஓர் ஆசிரியரின் பயிற்சி வழியாக விடை காண்போம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கான்கார்டு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்தவர் கிறிஸ்டா மெக்காலிஃப். ஆசிரியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்ப நாசா திட்டமிட்டபோது 11,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1985 ஜூலையில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐடஹோ மாநிலத் தொடக்கப்பள்ளி ஆசிரியரான பார்பரா மார்கன், அவருக்கு மாற்றாகத் தேர்வாகி உடன் பயின்றார்.

அப்பயிற்சிகளுள் ஒன்று கேசி-135 என்னும் வானூர்தியில் நிகழ்ந்தது. அதன் உட்புறச் சுவர்கள் மெத்தை பொதிந்தவை. வானூர்தி ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலெழும்போது, உள்ளிருப்போரின் எடை இருமடங்கை நெருங்குவதுபோல் தோன்றும். கையை உயர்த்துவதும் அரிதாகும். பின்னர் வானூர்தி, மேல்நோக்கி எறிந்த பந்து செல்வதைப் போன்ற பரவளையப் பாதையில் செல்லும். அப்போது வானூர்தியும் உள்ளிருப்போரும் ஒரே வகையில் இயங்குவதால், தளம் அவர்தம் கால்களைத் தாங்குவதில்லை. தாங்கும் விசை இல்லையேல் எடையை உணர்தலும் இல்லை. இதுவே எடையின்மை. அது நீடிப்பது ஏறத்தாழ 25 நொடிகளே. ஒரே பயணத்தில் இவ்வாறு பலமுறை ஏறி இறங்குவதால் குமட்டலும் தலைசுற்றலும் பலருக்கு நேரும்.

விண்வெளி நிலையமும் இவ்வாறே புவியை நோக்கி ஓயாது விழுந்துகொண்டிருக்கிறது. எனினும் பக்கவாட்டில் அது மிகுந்த விரைவுடன் செல்வதால், தரையைத் தொடாமல் புவியைச் சுற்றிவருகிறது. ஈர்ப்பு இல்லாமையால் அன்று; ஈர்ப்பினால் ஓயாது விழுவதாலேயே வீரர்கள் மிதக்கின்றனர்.

இவ்வுண்மையை வகுப்பறைகளுக்குக் கொண்டுசெல்லவே மெக்காலிஃப் விரும்பினார். விண்வெளியிலிருந்து இரண்டு நேரடிப் பாடங்களை நடத்தவும், நியூட்டனின் இயக்க விதிகள் முதலியவற்றை விளக்கும் செய்முறைகளைப் படமாக்கவும் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது. அவர் உட்பட எழுவரும் உயிரிழந்தனர்.

பாடம் அத்துடன் முடியவில்லை. வகுப்பறைக்குத் திரும்பிய மார்கன், 1998-இல் விண்வெளி வீரராகத் தேர்வு பெற்று, 2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்ணோடத்தில் பயணம் செய்தார். முன்னாள் ஆசிரியர்களான ஜோ அகாபா, ரிக்கி அர்னால்டு என்னும் விண்வெளி வீரர்கள், மெக்காலிஃப் திட்டமிட்ட செய்முறைகளுள் சிலவற்றை 2018-இல் விண்வெளி நிலையத்தில் செய்துகாட்டினர். ஓர் ஆசிரியர் எழுதிவைத்த பாடக்குறிப்பு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து மாணவர்களை வந்தடைந்தது.