மருத்துவம் பயிலும் மாணாக்கரும் தாய்மொழியும்

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மருத்துவனைக் குறிக்கும் இடமொன்றில், வேறு பெயர் கூறாது, 'கற்றான்' என்றே அவனைச் சுட்டினார். நோயாளியின் தன்மையையும் நோயின் அளவையும் காலத்தின் இயல்பையும் எண்ணிச் செயற்பட வேண்டியவன் அவன். கைப்பழக்கம் ஒன்றினாலே நிறைவேறும் தொழில்கள் உலகிற் பல உள. உயிரோடு தொடர்புடைய மருத்துவத்துக்கோ கல்வியே முதல் என்பது அவ்வொரு சொல்லாற் பெறப்படும். ஆயின், அந்தக் கற்றான் எம்மொழியிற் கற்கின்றான்? கற்குங் காலத்தில் அவன் நெஞ்சம் என்ன பாடுபடுகின்றது? இவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த நாளில் மாலையிட்டு மகிழ்கின்றோம்; பட்டம் பெற்று மீளும் நாளில் மறுபடியும் மகிழ்கின்றோம். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் நமக்கு இருட்டாகவே இருக்கின்றன.

தமிழாசிரியன் ஒருவனுக்கு மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என வினவுவாரும் இருக்கலாம். மருந்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லைதான். ஆனால் யான் கூறப்புகுவது மொழியைப் பற்றியது; மொழியினால் ஒரு மாணாக்கன் மனம் தளர்வதையும் தழைப்பதையும் பற்றியது. அதனை முப்பதாண்டு காலம் வகுப்பறையிற் கண்டவன் யான்.

நமது நாட்டிலே கிராமத்துப் பிள்ளையொன்று மருத்துவ பீடத்தின் வாயிலை அடையும் வழியைச் சற்றே நோக்குவோம். பதின்மூன்று ஆண்டுகள் அப்பிள்ளை தமிழிலேயே கற்கின்றது. உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் தமிழிலேயே அதன் உள்ளத்திற் பதிகின்றன. கலம், இழையம், குருதி, சோணையறை, இதயவறை என்னுஞ் சொற்கள் அப்பிள்ளைக்கு வெறும் பெயர்கள் அல்ல; பொருளோடு பிணைந்து கிடப்பவை. உயர்தரப் பரீட்சையையும் தமிழிலேயே எழுதிச் சிறந்த புள்ளி பெற்று மருத்துவ பீடம் புகுகின்றது. புகுந்த அன்றே அச்சொற்கள் யாவும் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. விரிவுரையும் ஆங்கிலம், நூலும் ஆங்கிலம், வினாவும் விடையும் ஆங்கிலம்.

ஆங்கிலம் பேசும் நாட்டு மாணாக்கனுக்கும் உடற்கூற்றுப் பெயர்கள் எளியவை அல்லவே என்று சிலர் கூறுவர். அது மெய். எலும்புகளுக்கும் நரம்புகளுக்கும் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீனும் கிரேக்கமும் ஆகையால், அவை அவனுக்கும் புதியனவே. ஆயினும் அப்பெயரைச் சூழ்ந்து நிற்கும் வாக்கியம் அவனுடையது. இந்த நரம்பு இங்கே தோன்றி, இதன் கீழாகச் சென்று, இதனை இயக்குகின்றது என்னும் விளக்கம் அவன் தாய் பேசிய மொழியில் அமைந்தது. நம் பிள்ளைக்கோ பெயரும் அயல், அதைத் தாங்கும் வாக்கியமும் அயல். சுமை இரட்டிப்பது இங்கேதான்.

என் மாணவன் ஒருவன், இலக்கணத்திலும் கெட்டிக்காரன், சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவ பீடம் ஒன்றிற் சேர்ந்தான். முதலாம் ஆண்டு விடுமுறையில் என்னைக் காண வந்தபோது, முன்போலப் பேச்சில்லாமல் இருந்தான். படிப்பு எப்படி என்று கேட்டேன். நெடுநேரம் நிலத்தை நோக்கியிருந்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, கேட்கிற கேள்விக்கு மறுமொழி எனக்குத் தெரியும். அதைத் தமிழிலை நினைச்சு, இங்கிலீசிலை மாத்தி, பிழையில்லையோ எண்டு பாக்கிறதுக்கிடையிலை மற்றவன் சொல்லிப்போடுவான். இப்ப நான் கையே உயர்த்திறேல்லை."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை வருத்திற்று. விடை தெரியாத மாணாக்கன் மௌனமாயிருப்பது இயல்பு. விடை தெரிந்தவன் மௌனியாதல் கல்விக்கு நேரும் பெருங்கேடு. வினா எழுப்பாதவன் ஐயந் தீரான். ஐயந் தீராதவன் மனனஞ் செய்வான். மனனஞ் செய்தது பரீட்சை மண்டபத்தின் வாயில் வரையுமே துணைவரும். நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது வேண்டுவது விளங்கிக்கொண்ட அறிவேயன்றி ஒப்புவித்த அறிவன்று.

இம்மௌனம் கல்வியை மாத்திரம் தாக்குவதில்லை. ஊரிலே முதல்வனாய் இருந்த பிள்ளை, முதல்வர்கள் மாத்திரமே கூடிய ஓரிடத்திலே திடீரெனக் கடைசியிருக்கைக்குத் தள்ளப்பட்டதாக எண்ணிக் குறுகுகின்றான். பகலில் விளங்காததை இரவிலே விளங்கிக்கொள்ள முயன்று உறக்கத்தை இழக்கின்றான். உறக்கம் இழந்தமையால் மறுநாட் பகலும் விளங்காமற் போகின்றது. உயிரற்ற உடலை அறுத்துக் கற்கும் மேசையருகே முதன்முதல் நின்ற அன்றும், தான் பேசிப் பழகிய நோயாளி மறுநாட் காலையிற் கட்டிலில் இல்லாமற் போன அன்றும் அவன் நெஞ்சில் எழுவனவற்றை யாரிடம் சொல்வான்? வீட்டிலே தாயின் காப்பு அடைவுகடையில் இருக்கின்றது. ஊரிலே அவனை இப்போதே 'டாக்குத்தர்' என்றழைக்கின்றார்கள். இயலவில்லை என்னும் ஒரு சொல்லைச் சொல்வதற்கு அவனுக்கு இடமே இல்லை. மூத்த மாணாக்கர் சிலர் செய்யும் பகிடிவதையும் இதனோடு சேர்ந்தால் நிலைமையைக் கூறவும் வேண்டுமோ? பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றப்பட்டது. உள்ளத்தின் தனிமையையோ சட்டம் ஒன்றினால் மாத்திரம் தடுத்தல் இயலாது. அதனை அன்பினாலும் அறிவினாலுமே தடுக்கவேண்டும்.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தல் ஒல்லுமா என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே செயலால் விடை கூறிற்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர்; மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தவர். 1847ஆம் ஆண்டிலே தமது இருபத்தைந்தாம் வயதளவில் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கி, மானிப்பாயைத் தமது பணிக்கு இருப்பிடமாக்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870ஆம் ஆண்டில் என்பதை நினைந்தால், அம்முயற்சியின் முதன்மை விளங்கும்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறியோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிற ஊர்களுக்குச் செல்லத் தலைப்பட்டனர். எந்தக் கிராமத்து மக்களுக்காக அவர் வைத்தியரை உருவாக்க விரும்பினாரோ, அக்கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. இடையிலே தாயகஞ் சென்று 1862ஆம் ஆண்டில் மீண்ட பின்னர், அவர் தமிழையே போதனா மொழியாக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! தாமும் தம் மாணாக்கரும் கூடி நூல்களை ஆக்கினர். 1857ஆம் ஆண்டிலேயே 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' வெளிவந்திருந்தது. 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்பன வந்தன. 1873ஆம் ஆண்டிலே உடல்நலங் குன்றி அமெரிக்கா சென்ற பின்னரும் அவர் ஓய்ந்திலர். 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என்பன வெளிவந்தன. 1884ஆம் ஆண்டில் வூஸ்டரிலே அவர் காலமானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பகுதியினர் தமிழிலேயே பயின்றவர்.

அந்நூற்பெயர்களை நோக்குமிடத்து ஒரு பண்டிதனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி தனி. உடற்கூற்றியலுக்கு அவர்கள் இட்ட பெயர் அங்காதிபாதம். பாதாதிகேசம், கேசாதிபாதம் என நம் புலவர்கள் உறுப்புக்களை முறையே வருணித்த பிரபந்த மரபு அப்பெயரைக் கேட்டவுடனே நினைவுக்கு வரும். உடலின் செயல்களைக் கூறும் கலைக்குச் சுகரணம் என்றனர். தமிழ்ச்சொல் அகப்படாதவிடத்து இடர்ப்படாமல் 'கெமிஸ்தம்' என்று அயற்சொல்லுக்குத் தமிழுடை உடுத்தினர். அவற்றுட் பல இன்று வழக்கொழிந்தன என்பது உண்மை. வழக்கொழிந்தமை வேறு, பயன்படாமை வேறு. தம் காலத்து மாணாக்கனின் விளக்கத்துக்கு அவை ஏணியாய் நின்றன. ஏறியவன் ஏணியைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

கிறீனின் வழியை அப்படியே இன்று மேற்கொள்ளவேண்டும் என்பது என் கருத்தன்று. அவர் முயற்சி அவருக்குப் பின் நிலைபெறவில்லை. மருத்துவ அறிவோ நாளுக்கு நாள் பெருகுவது. அப்பெருக்கம் முதலில் நம் கைக்கு எட்டுவது ஆங்கிலத்தில். அதை அறியாத மருத்துவன் சில ஆண்டுகளிலே பழையவனாகி விடுவான். ஆகவே ஆங்கிலம் வேண்டும்; நன்றாகவே வேண்டும். யான் வேண்டுவது, அந்த ஆற்றைக் கடக்க ஒரு பாலம். நீந்தத் தெரிந்தவன் கரையேறட்டும் என்று வாளாவிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

தமிழ் பின்னர் வேண்டப்படாத ஒன்றும் அன்று. மேற்கூறிய என் மாணவன் மூன்றாம் ஆண்டிலே மீண்டும் வந்தான். முகத்திலே தெளிவு இருந்தது. நோயாளர் விடுதியிலே மூதாட்டி ஒருவரைப் பரிசோதிக்கும்படி அவனைப் பணித்தார்களாம். அவர் வேறொன்றும் கூறாமல், "அந்தரமாக் கிடக்கு, தம்பி" என்று மாத்திரமே கூறிக்கொண்டிருந்தாராம். அந்தரம் என்னுஞ் சொல் நம் ஊர் வழக்கில் மனத்தவிப்பையும் குறிக்கும், உடலின் தவிப்பையும் குறிக்கும். அதற்கு ஒத்த ஆங்கிலச்சொல்லைத் தேடுவதை விடுத்து, "எப்ப ஆச்சி அந்தரம் கூட? நடக்கேக்கையோ, படுக்கேக்கையோ?" என்று அவன் கேட்டிருக்கின்றான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவிலே எழுந்திருந்துதான் விடியும்வரை கழிக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கின்றார். நேரே படுக்க இயலாமல் மூச்சு முட்டுதல் இதயத்தின் ஆற்றல் குன்றியமைக்கு ஓர் அறிகுறி என்பது மருத்துவர் அறிந்தது. அவன் அதனை ஆங்கிலத்தில் எழுதி முறைப்படி எடுத்துரைத்தான். அன்று அவன் கையுயர்த்தத் தயங்கவில்லை.

நோயாளி பேசுவது பாடநூலின் மொழி அன்று. நோவு, உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு என நம் மக்கள் வேதனையை வகுத்து வைத்திருக்கும் நுட்பத்தை எண்ணுமின்! முட்டு என்பதும் தொய்வு என்பதும் களைப்பு என்பதும் ஊருக்கு ஊர் பொருளிற் சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டை அறியாதவன் நோயையே மாறி உணர்தல் கூடும். இச்சொற்களைத் தொகுத்து மாணாக்கர் கையிற் கொடுத்தல் தமிழறிஞரும் மருத்துவரும் கூடிச் செய்யவேண்டிய பணி. அதற்கு அழைத்தால், என்போன்ற ஆசிரியர் ஊதியங் கருதாமல் வருவோம்.

பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் ஆங்கிலப் பயிற்சி அளிக்கின்றன, அது நன்று. அப்பயிற்சி வெறும் இலக்கணமாய் நில்லாது, பாடப்பொருளையே கருவியாகக் கொண்டு நடைபெறல் வேண்டும். முதலாம் ஆண்டிலே சிறு குழுக்களாய் அமர்ந்து ஆராயும் வேளையில், தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் எழுதப் பிள்ளைகளுக்கு இடங்கொடுத்தல் வேண்டும். பள்ளியிற் கற்ற தமிழ்ச்சொல்லையும் பீடத்திற் கற்கும் ஆங்கிலச்சொல்லையும் இணைத்துக் காட்டும் சிறு கையேடொன்று முதல்நாளே அவர்களுக்குக் கிடைத்தல் வேண்டும். நோயாளியிடம் அவர் மொழியிலே வினவி வரலாறு பெறுந் திறன் ஒரு கலையென மதிக்கப்படல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, விடை கூறத் தடுமாறும் பிள்ளையைக் கண்டால், "தமிழிற் சொல், கேட்போம்" என்று கூறும் ஆசிரியர் ஒருவராவது ஒவ்வொரு விரிவுரை மண்டபத்திலும் இருத்தல் வேண்டும். அவ்வொரு சொல்லுக்குப் பொருட்செலவு இல்லை, புதுக்கட்டடமும் வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலே மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. போரும் இடப்பெயர்வும் வந்த காலத்திலும் அங்கே கற்பித்த ஆசிரியரும் கற்ற மாணாக்கரும் காட்டிய உறுதியை ஊரறியும். அத்துணை இடரையும் தாங்கிய நிறுவனத்துக்கு மேற்கூறியவை அரியன அல்ல. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விடுமுறையில் வரும் பிள்ளையிடம் புள்ளியைக் கேட்குமுன், இரவில் உறங்குகின்றாயா என்று கேளுங்கள். அக்கேள்வியைத் தமிழிலே கேட்கின்றீர்கள். மறுமொழியும் தமிழிலே வரும். அதனைப் பொறுமையோடு கேட்டிருங்கள்.