மனக்காயத்தை நிறுக்கும் தராசு சரிதானா?

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தைக் கண்டவர்களுக்கு இவ்விஷயம் சுலபமாக விளங்கும். ஒரே வாளியை இருமுறை நிறுத்தால் ஒரே எடை வரவேண்டும். இது நம்பகத்தன்மை. ஆனால், தராசு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்தே காட்டினால்? எடை மாறவில்லைதான், உண்மை எடையும் அதுவல்ல. உண்மையை அளக்கிறதா என்று பார்ப்பதே செல்லுபடித்தன்மை.

போர், வன்முறை, பேரிடர் ஆகியவற்றால் மனக்காயம் அடைந்தோரிடம் கொடுக்கப்படும் கேள்வித்தாளுக்கும் இவ்விரு சோதனைகளும் கட்டாயம். அவற்றுள் பெயர்பெற்றது ஹார்வர்ட் மனக்காயக் கேள்வித்தாள். ரிச்சர்ட் மொல்லிக்கா குழுவினர் 1992-இல் இந்தோசீன அகதிகளை வைத்துச் சோதித்து வெளியிட்டது. ஒவ்வோர் அறிகுறிக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், சராசரி 2.5-ஐ எட்டினால் கவனிக்கப்பட வேண்டியவர் என்பது வழக்கமான எல்லைக்கோடு. அமெரிக்காவில் குடியேறிய அகதிகளிடம் கண்ட கோடு யாழ்ப்பாணத் தமிழருக்கும் பொருந்துமா? கோட்டை இறக்கினால் நலமானவர் நோயாளி ஆவார். ஏற்றினால் நோயாளி விடுபட்டுப் போவார்.

இலங்கையின் வடகிழக்கில் 2002-இல் நடந்த ஓர் ஆய்வு, இதை எப்படிச் சோதிப்பது என்பதற்கு நல்ல உதாரணம். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழ் ஆசிரியர்கள், தமிழாக்கப்பட்ட கேள்வித்தாளைக் கொண்டு 420 பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினர். நால்வரில் ஒருவருக்கு மனக்காய நோய் இருப்பதாகத் தெரிந்தது. ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. அவர்களுள் 67 பிள்ளைகளை உளவியல் நிபுணர்கள் தனியே சந்தித்து, ஆசிரியர் கண்ட முடிவு சரிதானா என்று பார்த்தனர். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் இது இல்லாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மொழிதான் பெரிய சிக்கல். உணர்வு ‘மரத்துப்போச்சா’ என்று கேட்டால், கை கால் மரத்துப்போவதை நினைத்துப் பதில் சொல்வோர் உண்டு. துக்கத்தை ‘நெஞ்சு அடைக்குது’ என்று சொல்லும் மக்களிடம் அந்தக் கேள்வியே இல்லாத தாளைக் கொடுத்து என்ன பயன்? ‘எதிர்காலமே இல்லை என்று தோன்றுகிறதா?’ என்பதும் ஒரு கேள்வி. அகதி முகாமில் இருப்பவருக்கு அது நோயின் அறிகுறியா, நிலவரமா?

2009-இல் யாழ் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில் மனக்காய நோய் 7 விழுக்காடு, பதற்றம் 32.6, மனச்சோர்வு 22.2 விழுக்காடு. மனக்காயத்தை மட்டும் கேட்டிருந்தால் மற்ற இரண்டும் கணக்கில் வந்திருக்காது.

நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பியவர்களிடம் அன்று எவரும் இக்கேள்விகளைக் கேட்கவில்லை. இந்நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டில் பெயர் வந்ததே 1980-இல்தான்.

இன்று புக்கிட் பெருந்துங்கில் ஒரு பாட்டியிடம் மலாய் மொழிப் பாரம் நீட்டப்பட்டு, பேரன் அதை மொழிபெயர்த்துச் சொல்ல அவர் பதிலளித்தால், சோதிக்கப்பட்ட கேள்வித்தாள் அதுவல்ல. பேரன் மொழிபெயர்த்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பேரன் எதிரே பாட்டி சொல்லாமல் விட்டதும் இருக்கக்கூடும்.