மைனஸ் குளிரில் குட்டி விமானம் ஸ்டார்ட் ஆவது எப்படி? இன்ஜினுக்குப் போர்வை போர்த்துவது ஏன்?

மார்கழி காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் தேங்காய் எண்ணெய் இறங்காது. கிட்டத்தட்ட அதே தலைவலிதான், அமெரிக்காவின் அலாஸ்காவில் சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கும். அங்கு சாலையே இல்லாத ஊர்கள் ஏராளம். குளிர்காலத்தில் மருந்தோ தபாலோ, குட்டி விமானத்தில்தான் வந்தாக வேண்டும். ஆனால் உள்பகுதிகளில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும்.

குளிரில் என்ன ஆகும்?

ஆயில் கெட்டியாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் பேரிங்குகளுக்குப் போய்ச் சேர நேரமாகும். அதுவரை உலோகமும் உலோகமும் உரசும். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஜினின் வெளிக்கூடு அலுமினியம்; உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எஃகு. குளிரில் அலுமினியம் அதிகமாகச் சுருங்குவதால், ஆயில் ஓட வேண்டிய இடைவெளியே குறைந்துவிடும். இதில் ஏற்படும் சேதம் அன்றைக்கே தெரியாமல், பிறகு ஒருநாள் பறக்கும்போது வெளிப்படலாம்.

என்ன தீர்வு?

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்குவதுதான். லைகமிங் நிறுவனம் தன் பெரும்பாலான இன்ஜின்களுக்கு மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே இதை வலியுறுத்துகிறது. கான்டினென்டல் நிறுவனத்துக்கு மைனஸ் 7.

அந்தக் காலத்து அலாஸ்கா பைலட்டுகள் ராத்திரியே ஆயிலை வடித்து, அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் சூடாக ஊற்றுவார்கள். இப்போது ஆயில் தொட்டியில் ஒட்டும் மின்சார ஹீட்டர், வெந்நீராவி அல்லாத வெறும் சூடான காற்றை ஊதும் கருவி எல்லாம் வந்துவிட்டன. சூடு வெளியேறாமல் இருக்கத்தான் அந்தப் போர்வை. ஆயில் மட்டும் சூடானால் போதாது. முழு இன்ஜினும் சூடாக வேண்டும்.

பறக்க ஆரம்பித்தால் கவலை இல்லையா?

அதுதான் இல்லை. எரிபொருள் எரியும்போது உருவாகும் நீராவி ஆயிலோடு கலக்கும். ஆயில் சுமார் 82 டிகிரி வரை சூடானால்தான் அது ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் அமிலமும் துருவும்தான் மிச்சம். அதனால் குளிர்காற்று நுழையும் வழியைத் தகடு வைத்துப் பாதி மறைப்பார்கள். வெயில் வந்ததும் கழற்ற மறந்தால், இன்ஜின் கொதித்துவிடும்.

வெளியேறும் நீராவி, காற்றுக்குழாயின் வாயில் உறைந்து அடைத்துக்கொண்டால் இன்னும் ஆபத்து. உள்ளே அழுத்தம் ஏறி, முன்பக்க சீலைப் பிதுக்கி, நடுவானில் ஆயில் முழுவதும் கொட்டிவிடலாம். இதற்காகவே அந்தக் குழாயில், இன்ஜின் சூடு படும் இடத்தில், இன்னொரு சின்ன துளை வைக்கிறார்கள். கிளம்பும் முன் பைலட் குனிந்து பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று!